சிதிலமா, பாழா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய சொல்

கேள்வி:

செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் பொது வீடு. ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்கு, பங்கு உண்டு. என் வீட்டுக்காரர் காலமான பிறகு எங்கள் பங்குக்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். பங்காளிகள் ஓர் உடன்படிக்கை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதில், “மேற்படி வீடு முற்றிலும் சிதிலமடைந்து பாழ்பட்டுவிட்டபடியால் நிலை, கதவு, தூண், உத்தரம், தளக்கல் ஆகியவற்றைப் பிரித்து விற்று, தொகையைப் புள்ளிவாரியாகப் பங்கிட்டுக்கொள்வது” என்று இருக்கிறது. போன ஐப்பசி மழையில் வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் அடுப்படிக் கூரை ஒரு பக்கம் விழுந்தது உண்மை. ஆனால் முகப்பும், உள்முற்றப் பகுதியான வளவும் அப்படியேதான் நிற்கின்றன. இரண்டாம் கட்டில் மேற்குப் பக்கம் ஒழுகுகிறது. மாடி ஹாலில் மேல்தளத்திலிருந்து காரை உதிர்கிறது. சிதிலம், பாழ் என்பதெல்லாம் ஒன்றுதானா? சிங்கப்பூரில் இருக்கும் மகன், “சொல்லில் என்ன ஆத்தா இருக்கிறது, போட்டுவிடுங்கள்” என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ‘சீரழிந்த குடும்பம்’ என்று ஊரில் பேச்சு வேறு. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஆச்சி,

சிதிலமும் பாழும் ஒன்றல்ல. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ‘முற்றிலும்’ என்ற சொல்லும் பொருந்தவில்லை. அந்த வரி அப்படியே இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள் ஒன்பது புள்ளியும்தான். ஆனால் வீட்டின் நிலையை உள்ளபடி எழுதிவிட்டு அதன் பிறகு முடிவு செய்யுங்கள். முடிவை முதலில் செய்துகொண்டு அதற்குத் தோதாக ஒரு சொல்லைத் தேடியதுபோல இருக்கிறது இந்த உடன்படிக்கை.

காரைக்குடியில் இருந்துகொண்டு பழைய வீடுகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். அறிக்கையில் எந்தச் சொல் விழுகிறதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த வேலை நடக்கிறது. ‘பழுது’ என்று எழுதினால் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். ‘இடியும் நிலை’ என்று எழுதினால் உள்ளாட்சியிலிருந்து அறிவிப்பு வரலாம். ‘பாழ்’ என்று எழுதினால் பழைய மரம் வாங்குபவர் வந்து நிற்பார். அதனால் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம் சொல்லுங்கள்: சொல்லில்தான் இருக்கிறது.

முதலில் சிதிலம். இது வடமொழியிலிருந்து வந்த சொல். ‘சிதில’ என்றால் தளர்ந்தது, நெகிழ்ந்தது, கட்டுவிட்டது என்று பொருள். விழுந்தது, அழிந்தது என்பது அதன் முதற்பொருள் அல்ல. வைணவ உரைகளைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெருமாளின் குணங்களை நினைத்து ஆழ்வார் உடலும் மனமும் நெகிழ்ந்து நிற்கும் இடங்களில் ‘சிதிலராய்’ என்று உரைகாரர்கள் எழுதுவார்கள். ஆழ்வார் அழிந்துபோனார் என்று அதற்குப் பொருள் இல்லை. அவரைப் பிடித்து நிறுத்தியிருந்த கட்டு தளர்ந்தது என்பதே பொருள். இன்றைய வழக்கில் இந்தச் சொல் அகன்றுவிட்டது. சிதிலமடைந்த சத்திரம், சிதிலமடைந்த மண்டபம் என்று செய்தித்தாள்களில் வரும்போது பாதி இடிந்த கட்டடமும் அதில் அடங்கிவிடுகிறது. அது தவறு என்று நான் வாதாடப் போவதில்லை, வழக்கு அப்படி ஆகிவிட்டது. ஆனால் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது பழைய பொருள்தான் நமக்கு உதவும். உறுப்புகள் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துப் பிடித்த பிடி தளர்ந்திருக்கிறது என்பதே சிதிலம்.

சிதைவு அப்படியல்ல. உறுப்பே உருக்குலைந்துபோவது சிதைவு. செங்கல் செங்கல்லாக இருந்து, நடுவில் உள்ள சுண்ணாம்புக் காரை மட்டும் உதிர்ந்து சுவர் ஆடினால் அது சிதிலம். செங்கல்லே பொடியாகிவிட்டால் சிதைவு. முன்னதைப் பிரித்து அடுக்கலாம், காரையை ஊட்டி இறுக்கலாம். பின்னதற்குப் புதுச் செங்கல்தான் வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சிலர் ‘சிதலம்’ என்று எழுதுகிறார்கள். சிதல் என்பது கரையானுக்குத் தமிழில் இருந்த பழைய பெயர். மலையாளத்தில் இன்றைக்கும் அதுதான் பெயர். நாலடியாரில் ‘சிதலை தினப்பட்ட ஆலமரம்’ என்று வருகிறது. கரையான் தின்ற ஆலமரத்தை அதன் விழுதே ஊன்றி நின்று தாங்குவதுபோல, தளர்ந்த தகப்பனைப் பெற்ற பிள்ளை தாங்குவான் என்கிறது அந்தப் பாட்டு. சிதலுக்கும் சிதிலத்துக்கும் ஒலி நெருங்கியிருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். உங்கள் உடன்படிக்கையில் ‘சிதிலம்’ என்றே சரியாக எழுதியிருக்கிறார்கள், பொருள்தான் இடறியிருக்கிறது.

அடுத்தது பாழ். இது நம் சொல், மிகப் பழைய சொல். இதன் அடியில் இருப்பது உடைவு அல்ல, இன்மை. ஔவையாரின் நல்வழியை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்: “நீறில்லா நெற்றிபாழ் நெய்யில்லா உண்டிபாழ்” என்று தொடங்கி, “பாழே மடக்கொடி இல்லா மனை” என்று முடியும் பாட்டு. அதில் வரும் ஒவ்வொரு பாழோடும் ‘இல்லா’ என்று சேர்ந்து நிற்பதைப் பாருங்கள். நெற்றி உடைந்துவிட்டது என்று ஔவை சொல்லவில்லை, நீறு இல்லை என்கிறார். மனை இடிந்துவிட்டது என்று சொல்லவில்லை, ஆள் இல்லை என்கிறார். ஒரு வீடு பாழ் என்றால் அங்கே விளக்கேற்ற ஆள் இல்லை என்று பொருள். சுவர் எல்லாம் கெட்டியாக நிற்கும் வீடு பாழாக இருக்கலாம். சுவரில் விரிசல் விட்டிருந்தாலும் நாலு பேர் புழங்கும் வீடு பாழ் ஆகாது.

ஆகவே ‘சிதிலமடைந்து பாழ்பட்டுவிட்டது’ என்று ஒரே மூச்சில் எழுதும்போது இரண்டு வேறு நிலைகளைச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறான வரிசை. முதலில் வீடு பாழாகிறது, பிறகுதான் சிதிலமாகிறது. பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வேப்பிலையும் தூசியும் கூடல்வாயில் சேரும். இரண்டு கூரைச் சரிவும் சந்திக்கிற அந்த மடக்கில்தான் வளவுக்கு இறங்கும் மழைத் தண்ணீர் எல்லாம் ஓடும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து, ஓடுகளைத் தாங்கும் கைமரத்தில் இறங்கும். குரங்காலோ பூனையாலோ ஓர் ஓடு நகர்ந்தால் போதும், அதைப் பார்த்து அன்றைக்கே சரிசெய்ய ஆள் இல்லை. அடுப்புப் புகை இல்லாததால் பூச்சிக்குக் கொண்டாட்டம். நாள்தோறும் கூட்டிப் பெருக்கும் வீட்டில் கரையான் மண்கோடு போட்டால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில், முன்னோருக்குச் செய்யும் அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போதுதான் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒழுகல் மேற்குப் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கூடல்வாய் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

இப்போது உடன்படிக்கையின் உள்முரண்பாட்டைக் கவனியுங்கள் ஆச்சி. வீடு முற்றிலும் பாழ்பட்டுவிட்டது என்கிறது முதல் பாதி. நிலை, கதவு, தூண், உத்தரம், தளக்கல் எல்லாவற்றையும் விற்கலாம் என்கிறது அடுத்த பாதி. உளுத்த தூணுக்கு யார் விலை கொடுப்பார்கள்? பர்மாத் தேக்கின் உள்மரமான வைரம் கெட்டியாக இருப்பதால்தானே கேட்கிறார்கள்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விலைக்கு நிற்கும் நிலையும் கதவும் தூணும் நல்ல நிலையில் இருப்பதால்தான் நிற்கின்றன. விற்பனைப் பட்டியலில் எத்தனை பொருள் இருக்கிறதோ, வீட்டில் அத்தனை உறுப்பு நன்றாக இருக்கிறது என்றுதான் நான் படிப்பேன். வீட்டைப் பாழ் என்று சொல்லிக்கொண்டே அதன் நல்ல உறுப்புகளுக்கு விலை பேசுகிறது இந்த ஒரே தாள். இதைப் பங்காளிகளிடம் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் உங்கள் ஐயாக்கள் கட்டிய வீட்டில் பிறந்தவர்கள்தாம். வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருந்துகொண்டு, விழுந்த அடுப்படியின் படத்தை மட்டும் கைப்பேசியில் பார்த்தால் யாருக்கும் வீடே போய்விட்டது என்றுதான் தோன்றும்.

இந்தப் பெரிய சொற்களை விட்டுவிட்டு ஆசாரியும் கொத்தனாரும் பேசும் சின்னச் சொற்களைக் கேளுங்கள். எனக்கு அவைதான் உயிர். ‘கெட்டுப்போச்சு’ என்று ஒரு நல்ல ஆசாரி பொத்தாம் பொதுவாகச் சொல்லமாட்டார். ‘இத்துப்போச்சு’ என்றால் தண்ணீர் குடித்துக் குடித்து மரம் நார்நாராக விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். எழுத்தில் அதை இற்றுப்போனது என்போம். ‘உளுத்துப்போச்சு’ என்றால் வண்டு துளைத்திருக்கிறது, கீழே மாவு கொட்டியிருக்கும். ‘செல் பிடிச்சிருக்கு’ என்றால் கரையான், மண்கோடு தெரியும். மூன்றும் மரம் கெடுவதுதான். ஆனால் முதலாவதற்கு மருந்து கூரையில், இரண்டாவதற்கு மரத்தில், மூன்றாவதற்குப் பெரும்பாலும் தரையில். காரணத்தைச் சொல்லும் சொல்லை விட்டுவிட்டுச் ‘சிதிலம்’ என்று ஒரே போர்வையைப் போர்த்தினால் எந்த மருந்து என்று தெரியாது, பிரித்து எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

தேக்கைப் பற்றி ஒரு விஷயம். தேக்கின் வைரப்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. வெளிப்புற வெள்ளைப்பகுதியைத் தின்னும். ரீப்பருக்கும் கைமரத்துக்கும் வேறு மரம் போட்டிருந்தால் அதையும் தின்னும். உத்தரம் கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த முனையில்தான். சுவரில் ஈர ஓதம் ஏறும்போது அந்த முனை மட்டும் இற்றுப்போகும், நடு மரம் மணிபோல இருக்கும். கூர்மையான திருப்புளியை முனையில் குத்திப் பாருங்கள். ஒரு விரற்கடைக்குமேல் சுலபமாக இறங்கினால் முனை போய்விட்டது. சுத்தியால் மெல்லத் தட்டினால் பொத்தென்று கேட்கும் இடமும் அப்படியே. முனை மட்டும் கெட்ட உத்தரத்துக்கு மரத்தாலோ இரும்புத் தகட்டாலோ ஒட்டுக்கொடுத்து நிறுத்தலாம். கீழே முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அந்த வேலையைத் தொட வேண்டும். உத்தரத்தையே இறக்க வேண்டிய தேவை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

சுவருக்கு வருகிறேன். ‘பொரிஞ்சுபோச்சு’, ‘உப்பு அடிச்சிருக்கு’ என்று கொத்தனார் சொன்னால் ஈரம் ஏறி, அது காயும்போது உப்பு பூத்து, பூச்சைத் தள்ளுகிறது என்று பொருள். நம் வீடுகளின் பூச்சு, சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியது. அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்காமல் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். பழுதுபார்க்கிறேன் என்று சொல்லிப் பூசிய அந்தச் சிமெண்டே இரண்டு மூன்று மழைக்குள் சுவரைச் சிதிலமாக்கும். உங்கள் வீட்டில் கீழ்ச்சுவரில் யாராவது சிமெண்டு பட்டை அடித்திருந்தால் அதையும் எனக்கு எழுதுங்கள்.

மாடி ஹால் விஷயம்தான் என்னைக் கொஞ்சம் கவலைப்பட வைக்கிறது. அங்கே மெட்ராஸ் தளமாக இருக்கலாம். உத்தரங்களுக்கு மேல் சிறிய தளச்செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதற்கு மேல் தட்டோடு பதிப்பது அந்த முறை. உத்தரம் தேக்காக இருந்து காரை மட்டும் உதிர்ந்தால் அவ்வளவு அவசரமில்லை. அகலமான ஹால்களில் சீமையிலிருந்து வந்த இரும்பு உத்தரம் போட்டிருப்பார்கள். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்காகும். அது பக்கத்துச் செங்கல்லையும் காரையையும் நெருக்கித் தள்ளும். உதிர்வது கோடுபோல உத்தரத்தை ஒட்டியே இருந்தால், துருவின் செந்நிறமும் தெரிந்தால், அந்த ஹாலில் யாரும் படுக்க வேண்டாம், கூட்டம் கூட வேண்டாம். பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்கும்வரை அந்தத் தளத்தின்மேல் சாமான் அடுக்கவும் வேண்டாம். இதைச் சிதிலம் என்றுகூட எழுத வேண்டியதில்லை, ‘ஆபத்து’ என்றே எழுதலாம். வீட்டின் மேல் உள்ள அன்பினால் இந்த ஓர் இடத்தில் மனத்தைத் தளரவிடாதீர்கள்.

அதேபோல மூன்றாம் கட்டு. விழுந்த பக்கத்தை இடிந்தது என்றுதான் எழுத வேண்டும். விழாமல் தொங்கும் மீதியையும் முறைப்படி இறக்கிவிடுவதே நல்லது. இறக்கிய ஓடுகளையும் நல்ல மரத்தையும் வெளியே விற்காமல் இரண்டாம் கட்டு மேற்குக் கூரைக்குப் பயன்படுத்துங்கள். பழைய நாட்டு ஓடு இப்போது கிடைப்பது அரிது.

இனி, ‘சீரழிந்த குடும்பம்’ என்ற பேச்சு. உங்கள் கடிதத்தில் என் மனத்தை வாட்டியது அதுதான். சீரழிவு என்பது கட்டடத்துக்குச் சொல்லும் சொல்லே அல்ல. ஒழுங்கும் நடத்தையும் கெட்டதைச் சொல்ல நாம் வைத்திருக்கும் சொல் அது, குற்றம் சாட்டும் சொல். உங்கள் வீடு பூட்டிக் கிடப்பதற்குப் பின்னால் இருப்பது குற்றமல்ல, ஒரு பெரிய நொடிப்பு. நொடித்தல் என்பது நம் வியாபாரிகளின் சொல். கொடுக்கல் வாங்கலில் கை முறிந்துபோவதைச் சொல்வது.

அந்த நொடிப்பு எப்படி வந்தது என்று தம்பிக்குத் தெரியுமோ என்னவோ. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-இல், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, வாங்கிய கடனைத் திருப்ப முடியாமல் விவசாயிகள் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். 1930-களின் கடைசியில் அது சுமார் 25 சதவீதமாக ஆகிவிட்டது. பணமாக ஓட வேண்டிய மூலதனம் நிலமாக உறைந்துபோனது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகளின் துயரமும் கோபமும் அந்தக் கணக்கில் உண்டு, அதை நாம் மறக்கக் கூடாது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது நகரத்தார் தொழில் நடத்திய கிட்டங்கிகளை விட்டுவிட்டு வந்தார்கள். பலர் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்ற பிறகு நிலத்தைத் தேசவுடைமையாக்கும் சட்டம் வந்தது. வளவும் பட்டாலை என்ற கூடமும் பந்தி போடும் கட்டுமாக வீடு கட்டிய காலம் ஏறத்தாழ 1850 முதல் 1940-கள் வரைதான் என்பதற்கு இதுவே காரணம். வருமானம் நின்றது, பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள், வீடு தனியாக நின்றது. இதைத் தொழில் நொடித்தது என்று சொல்லலாம், குடும்பம் சிதறியது என்று சொல்லலாம். சீரழிவு என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நம் பக்கத்துக் கோயில் வழக்கிலிருந்து ஒரு சொல்லை இங்கே நினைத்துப் பார்க்கலாம்: ஜீர்ணோத்தாரணம். ஜீர்ணம் என்றால் பழையதாகித் தேய்ந்தது. நாம் ஜீரணம் என்று சாப்பாட்டுக்குச் சொல்வதும் அதே சொல்தான். உத்தாரணம் என்றால் தூக்கி நிறுத்துவது. தேய்ந்ததைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே ஒரு பெயர் வைத்து, ஒரு சடங்கு வைத்து, தமிழ்நாட்டில் எத்தனையோ சிவன் கோயில்களுக்கு அதைச் செய்தவர்கள் உங்கள் முன்னோர். அந்தத் திருப்பணிகளில் சில இடங்களில் பழைய கட்டுமானமும் கல்வெட்டுகளும் போய்விட்டன என்ற வருத்தம் எங்களைப் போன்றவர்களுக்கு உண்டு. ஆனாலும் ஜீர்ணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர்களுக்கு உத்தாரணம் என்ற சொல் நினைவுக்கு வந்தது, விற்பனை வரவில்லை. கோயிலுக்குச் செய்ததை வீட்டுக்குச் செய்ய ஒன்பது புள்ளிக்கும் வசதியும் மனமும் இருக்க வேண்டும், அது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். முழு வீட்டையும் ஒரே வருஷத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் ஐப்பசி பிறக்குமுன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கூரையிலிருந்து தொடங்குங்கள். மரத்துக்கு மெருகெண்ணெய் தேய்ப்பது, ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பளபளப்பாக்குவது எல்லாம் பிறகு. கூடல்வாயையும் வளவைச் சுற்றிய தகர வாரியையும் ஒருவரை ஏற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நகர்ந்த ஓடுகளைத் திருப்பி அடுக்கி, உடைந்தவற்றை மாற்றுங்கள். வளவில் விழும் தண்ணீர் வெளியே போகும் தூம்பு அடைத்திருந்தால் தோண்டித் திறக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கித் தூண்களின் அடிக்கும் சுவரின் அடிக்கும் போகும். மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் பிடுங்கி இழுக்காதீர்கள், செங்கல்லோடு வந்துவிடும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் மருந்து வைத்து, வேர் செத்த பிறகு அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழையில் இரண்டு கிளையாக வரும். வாரத்துக்கு ஒருநாள் வீட்டைத் திறந்து சன்னல்களை விரியத் திறந்து வைக்க ஊரில் ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பாழ் என்ற நிலைக்கு இதைவிடச் சிக்கனமான மருந்து எனக்குத் தெரியாது.

2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களே, வீட்டைப் பிரிக்க முடியாதே என்று சிலர் நினைக்கிறார்கள். உத்தேசப் பட்டியல் தனியார் வீட்டுக்குக் காவல் தராது. உங்கள் கையெழுத்துத்தான் காவல்.

உடன்படிக்கையில் அந்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: “மேற்படி வீட்டில் முகப்பும் வளவும் நல்ல நிலையில் உள்ளன. இரண்டாம் கட்டின் மேற்குக் கூரை ஒழுகிச் சிதிலமடைந்துள்ளது, பழுதுபார்க்கத் தக்கது. மாடி ஹாலின் மேல்தளம் பொறியாளர் சோதிக்கும்வரை பயன்படுத்தத் தக்கதல்ல. மூன்றாம் கட்டில் அடுப்படி இடிந்துள்ளது. மீதிப் பகுதி இறக்கப்பட வேண்டியது. வீட்டில் தற்போது குடியிருப்பு இல்லை.” கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பாழ் என்ற சொல் சொல்ல வேண்டிய உண்மை முழுவதும் அதில் வந்துவிட்டது, அதற்குமேல் ஒன்றும் கூடவில்லை. இப்படி எழுதிய பிறகும் எல்லாரும் சேர்ந்து விற்பது என்று முடிவு செய்தால், பிரித்து விற்பதா, வீடாகவே பராமரிக்கக்கூடியவருக்கு விற்பதா என்ற கேள்வியாவது எழும். பழைய வரியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

பங்கு, கையெழுத்து மறுத்தால் என்ன ஆகும், உங்கள் மகனுக்கும் மகள்களுக்கும் உள்ள உரிமை ஆகியவற்றைச் சொத்து வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது என் வேலை அல்ல. அவரிடம் போகும்போது வீட்டின் நிலையைப் பற்றிய ஒரு பொறியாளர் அறிக்கையும் கையில் இருந்தால் அவருக்கு உதவியாக இருக்கும்.

எனக்கு அனுப்ப வேண்டிய படங்கள்: மாடி ஹாலில் காரை உதிர்ந்த இடம், நேர் கீழிருந்து எடுத்தது, அங்கே உத்தரம் மரமா இரும்பா என்று தெரியும்படி ஒன்று, மேற்குக் கூடல்வாய், முடிந்தால் மேலிருந்து, உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைகள், வெளிச்சுவரின் அடி, தரையிலிருந்து இடுப்பளவு வரை. ஒவ்வொரு படத்துக்கும் எந்தக் கட்டு, எந்தத் திசை என்று எழுதிவிடுங்கள். படம் எடுக்கப் போகிறவர் மூன்றாம் கட்டுக்குள் நுழைய வேண்டாம், வாசலில் நின்றே எடுக்கட்டும்.